உள்ளேயே சுரக்குது, அதுக்காக?

போன வாரம் ஹாஸ்டல்ல நடுராத்திரி ஒரு விவாதம். "மச்சி, கஞ்சால இருக்கற மாதிரி பொருள் நம்ம உடம்புலயே சுரக்குதுடா. ரத்தக்குழாய் ரிலாக்ஸ் ஆகும், பிரஷர் குறையும். அப்புறம் அது எப்படிடா கெட்டது?" என்றான் நண்பன். அவன் சொன்னதில் பாதி உண்மை. பிரச்சினையே அதுதான்.

1992-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் பன்றி மூளையிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். கஞ்சாவின் டி.எச்.சி. ஒட்டுகிற அதே ஏற்பியில் இதுவும் ஒட்டியது. வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. ஆமாங்க, நம்ம 'ஆனந்தம்'தான்!

ஆய்வகத்தில் எலியின் தமனித் துண்டில் இதை விட்டால் தமனி தளர்கிறது. இதுவரை நண்பன் கட்சி ஜெயிக்குது. ஆனா 1999-ல் வந்த ஆய்வு என்ன சொல்லுது தெரியுமா? அந்தத் தமனிகளில் ஆனந்தமைடு தட்டியது கஞ்சா ஏற்பியின் கதவை இல்லை. மிளகாய்க் காரத்தை உணர்கிற டி.ஆர்.பி.வி.1 ஏற்பியின் கதவை! உடனே தமனியைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடை வெளியிட, சுவரில் உள்ள தசை தளர்கிறது. ஆக, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காணுது.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு அடுத்த விஷயம் ஈஸியா புரியும். ஆனந்தமைடு தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் உருவாகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சீக்கிரமே உடைத்துவிடுகிறது. பக்காவான ஃபீட்பேக் லூப். வெளியிலிருந்து வருகிற டி.எச்.சி.க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உடம்பு முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் நிற்கும். இதயத்துடிப்பு எகிறும், சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். இன்சுலினும் உடம்பில் சுரப்பதுதான். அதற்காக யாராவது சும்மா ஊசி போட்டுக்கொள்வார்களா?

என் வருத்தம் நண்பன் மேல் இல்லை. வருஷா வருஷம் ஆடிட்டோரியத்தில் கை நீட்டி போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். 'தொடாதே' என்று சொல்கிறார்கள். ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் பாதி உண்மை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த உறுதிமொழிக்கு முன்னால் அரைமணி நேரம் இந்த அறிவியலைச் சொல்லிக் கொடுங்கள். என்ஜினியரிங் பசங்களை மிரட்டுவதைவிட, புரிய வைப்பது ஈஸி.