ஸ்கூட்டர் என்ன பாவம் செய்தது?

முதலில் ஒரு தெளிவு. நான் சொல்லப்போவது அம்மாமார் ஓடுகிற ஸ்கூட்டி பெப்பைப் பற்றி இல்லை. இதுக்குப் பெற்றோலும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு பலகை, இரண்டு சில்லு, ஒரு ஹாண்டில், அவ்வளவுதான். ஒரு காலால் உந்தி ஓடுகிற சாமான். அதில் பாய்ந்து, சுழற்றி வித்தை பழகுகிற 14 வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்படுகிற ஒரு வசனத்தோடுதான் என்ர சண்டை: "உது சின்னப்பிள்ளையளின்ர சாமான்."

இதைப் பெரியாக்கள் மட்டும் சொல்லுறதில்லை. ஸ்கேட்போர்ட் ஓடுகிறவர்களும் வேறு பாஷையில் அதையேதான் சொல்லுவினம்: "அது லேசு, பிடிக்க ஹாண்டில் இருக்கு, அதெல்லாம் ஒரு விளையாட்டே?"

தொடங்க லேசுதான், ஒத்துக்கொள்ளுறன். முழங்காலை மடித்து நிண்டு, ஹாண்டிலை மேலே இழுத்து, அதே நேரத்தில் இரண்டு காலையும் மடக்கிப் பாய்ந்தால் பன்னி ஹொப். ஒரு பின்னேரம் மினக்கெட்டால் சில்லு நிலத்தை விட்டு நாலு விரல் எழும்பும். ஸ்கேட்போர்டில் கைபடாமல் பலகையை எழுப்புகிற ஒல்லி வரக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் போகும். ஆனால் வாசல் அகலமாக இருக்கிறது வீட்டின்ர குற்றமா?

உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. அந்தரத்தில் பாதிவட்டம் திரும்புகிற 180க்குத் தலையும் தோளும் முதலில் திரும்ப வேணும், மிச்ச உடம்பு பின்னால் வரும். பயத்தில் சில்லைப் பார்த்தீர்களோ, பாதியில் நிண்டு சரிவீர்கள். டெயில்விப்புக்கு ஹாண்டிலைப் பிடித்தபடி பாய்ந்து, பலகையைக் காலால் தட்டி முழுவட்டம் சுற்றவிட்டு, திரும்ப அதிலேயே கால் வைக்க வேணும். பிழைத்தால் சுற்றி வாற பலகை நேராகக் கணுக்காலில் அடிக்கும். அந்த அடியை வாங்கின ஆரும் பிறகு லேசு எண்டு சொல்லமாட்டினம்.

இந்த டெயில்விப் பிஎம்எக்ஸ் சைக்கிளில் இருந்து வந்தது. சைக்கிளில் செய்தால் அது ஒலிம்பிக் விளையாட்டு, ஸ்கூட்டரில் செய்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு. என்ன நியாயம் இது? 2021இல் தோக்கியோவில் பெண்களுக்கான பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் முதல் தடவையாக ஒலிம்பிக்கில் நடந்தது. தங்கம் வென்ற பிரித்தானியாவின் ஷார்லட் வொர்திங்டன் சைக்கிளுக்கு வரமுதல் ஸ்கூட்டர் ஓடினவர். முதல் ஓட்டத்தில் விழுந்தார். இரண்டாவது ஓட்டத்தில் அதே வித்தையைத் திரும்பச் செய்து வென்றார். "சின்னப்பிள்ளை சாமான்" எண்டு அவரின்ர ஸ்கூட்டரை ஆரும் பறித்து வைத்திருந்தால்?

ஸ்கேட்போர்ட்காரருக்கும் ஒண்டு ஞாபகப்படுத்த வேணும். கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு ஓடினவர்கள் பலகைக்குச் சில்லுப் பூட்டி ஓடின காலத்தில் உங்கட பலகையும் விளையாட்டுச் சாமான்தான். சின்னப் பிள்ளைகள் ஸ்கூட்டரோடு குறுக்கே விழுந்து ஓட்டத்தைக் குழப்புகினம் எண்ட முறைப்பாட்டில் உண்மை இருக்கு. அது முறை தெரியாத பிரச்சினை. முறையைச் சொல்லிக் குடுங்கோ, சாமானைப் பழிக்காதேங்கோ.

இந்த ஏளனத்தால் வாற பெரிய கேடு வேறு. விளையாட்டுச் சாமான்தானே எண்டு நினைக்கிற வீடு, மடித்து வைக்கிற மலிவான ஸ்கூட்டரைத்தான் வாங்கிக் குடுக்கும். பிள்ளை அதில் பாயும். மடிக்கிற பூட்டும் பிளாஸ்டிக் சில்லும் பாய்ந்து விழுகிற பாரத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை. வித்தைக்கான ஸ்கூட்டரில் மடிப்பே இராது. ஹாண்டில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும், சில்லின் நடு அலுமினியமாக இருக்கும். "விழுந்திடுவாய்" எண்டு கத்துகிற அதே வீடு, விழுந்தால் காப்பாற்றுகிற ஹெல்மெட்டுக்குக் காசு குடுக்காது. பிள்ளை விழத்தான் போகுது. எதோடு விழப்போகுது எண்டதைத்தான் நீங்கள் தீர்மானிக்கலாம்.

பெட்டைப் பிள்ளைகளுக்கு இந்த வசனம் இன்னும் கெதியாக வரும். பெடியனுக்கு 14இல் சொல்லுறதை அவளுக்கு 11இலேயே சொல்லுவினம். ரியூசனுக்குச் சைக்கிளில் போகலாம், பிறகு ஸ்கூட்டியில் வேலைக்கும் போகலாம். ஒரு தேவையும் இல்லாமல், பழகிற சந்தோசத்துக்காக மட்டும் றோட்டில் பாயக்கூடாது. "சின்னப்பிள்ளை" எண்ட சொல்லுக்குள் இருக்கிற கணக்கு இதுதான்: சோதனைக்கோ உழைப்புக்கோ உதவாத எதையும் ஒரு வயதுக்கு மேல் பழகாதே.

கேட்கிறதும் பெரிசா ஒண்டும் இல்லை. ஸ்கேட் பார்க் கட்டச் சொல்லேல்லை. வாகனம் வராத ஒரு துண்டு சீமெந்துத் தரை போதும். பள்ளிக்கூட முற்றத்தைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் திறந்து விடுங்கோ. சனசமூக நிலையத்துக்கு முன்னால் நிற்கிற மோட்டார்சைக்கிள்களைக் கொஞ்சம் தள்ளி விடுங்கோ.

வாசிக்கிற தம்பி தங்கச்சியளுக்கு: வீட்டு மூலையில் ஸ்கூட்டர் கிடந்தால் முதலில் அதின்ர கழுத்தைப் பாருங்கோ. மடிக்கிற பூட்டு இருந்தால் பாயாதேங்கோ. உந்தி ஓடி, வளைந்து, பிரேக் பிடித்துச் சமநிலையைப் பழகுங்கோ. பூட்டு இல்லாவிட்டால் நட் எல்லாம் இறுகியிருக்கோ எண்டு பார்த்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பன்னி ஹொப்பில் தொடங்குங்கோ. ஆராவது வந்து "உனக்கு எத்தினை வயசு?" எண்டு கேட்டால் வயசைச் சொல்லிப்போட்டு, திரும்பவும் பாயுங்கோ.