இடிப்பதற்கு முன் படமெடுங்கள்

சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) 1895-இல் எழுந்த ஸ்பென்சர் கடையின் கட்டடம் 1983-இல் தீக்கிரையானது. அதன் இந்தோ-சாரசெனிக் முகப்பைப் பழைய அஞ்சலட்டைகளில் இன்றும் பார்க்கலாம். உள்ளே 80-க்கும் மேற்பட்ட பிரிவுகள் இயங்கின. திண்டுக்கல் சுருட்டுப் பெட்டிகளை எந்த அறையில் அடுக்கினார்கள், சிப்பந்திகள் எந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள், மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு மாணவர் இன்று கேட்டால், எடுத்துக் காட்டுவதற்குப் படங்கள் அரிது. கட்டடத்தை நெருப்பு தின்றது. அதன் உள்வாழ்வை இழந்ததற்குக் காரணம் நம் அலட்சியம்.

பழைய வணிகக் கட்டடம் எதையும் இடிக்கவோ உட்புறத்தை மாற்றவோ அனுமதி கொடுக்கும் முன், அதன் எல்லா அறைகளும் படமெடுக்கப்பட வேண்டும். கிடங்கு, பரண், சரக்கு லிஃப்ட், கணக்கர் அறை, சிப்பந்திகளின் பின்படிக்கட்டு எதுவும் விடுபடக் கூடாது. இதைச் சட்டப்படியான நிபந்தனையாகவே ஆக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

பின்கட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? கடையின் முன்பக்கம் வாடிக்கையாளருக்கானது. தீபாவளிக்குத் தீபாவளி அதற்குப் புது வண்ணம் ஏறும். பரணுக்கு யாரும் செலவு செய்வதில்லை. அதனால்தான் பழைய மர அலமாரியும், கைவிடப்பட்ட பெயர்ப்பலகையும், சுவரில் பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கும் அங்கே தப்பிப் பிழைக்கின்றன. கடை எப்படி நடந்தது என்பதற்கான சாட்சிகள் அவை. இடிக்க வருபவர் முதலில் அள்ளிக் கொட்டுவதும் அவற்றைத்தான்.

கனடாவின் மான்ட்ரியல் நகரம் இதில் நமக்கு முன்னால் நிற்கிறது. அங்கே ஈட்டன் கடையின் ஒன்பதாம் மாடியில் 1931-இல் ஓர் உணவகம் திறந்தார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழாக் கார்லு, ‘இல் த பிரான்ஸ்’ என்ற பயணிகள் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார். 1999-இல் ஈட்டன் நிறுவனம் நொடித்துப்போக, உணவகத்தையும் பூட்டினார்கள். அடுத்த ஆண்டே கியூபெக் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கால் நூற்றாண்டு இருட்டில் கிடந்த அந்தக் கூடம் 2024-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் மக்களுக்குத் திறந்தது. நம்மை இதைவிட நெகிழ வைப்பது வேறொன்று. மூடுவிழாவுக்கு முந்தைய ஆண்டே கேத்தரின் மார்ட்டின் என்ற இயக்குநர், அங்கே பரிமாறிய பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து முடித்திருந்தார். அவர் ஓராண்டு தாமதித்திருந்தால் அந்தப் பெண்கள் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள்.

நம் ஊரில் ரங்கநாதன் தெருச் சிப்பந்திகளின் தங்குமிடத்தையும் சாப்பாட்டு வரிசையையும் பரவலாகக் கண்முன் கொண்டுவந்தது 2010-இல் வெளியான ‘அங்காடித் தெரு’ திரைப்படம். அது புனைகதை. அந்த உண்மையான அறைகளின் படங்கள் காப்பகத்துக்கும் வேண்டும். 2017 மே 31 அன்று தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றி, பிறகு இடித்துத் தள்ளப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, இருக்கிற கட்டடம் இல்லாமல் போக ஒரு நாள் போதும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணா சாலையிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. டபிள்யூ.இ. ஸ்மித் மருந்து நிறுவனம் 1897-இல் கட்டிய கார்டில் கட்டடம், பின்னாளில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது. 2006-இல் உரிமையாளரான எல்.ஐ.சி. அதை இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் அது ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. சீரமைக்கப் பணமும் மனமும் வேண்டும், காலமும் பிடிக்கும். படமெடுக்க அவ்வளவு வேண்டியதில்லை. மழை ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒன்றைக் கரைத்துக்கொண்டுதான் போகும்.

பாழடைந்த இடங்களைப் படமெடுப்பது வெறும் அழகு வேட்டை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. டெட்ராய்ட் நகரின் இடிபாடுகளைப் படமாக்கிய நூல்கள் அங்கே வாழ்கிற மனிதர்களை மறந்துவிட்டன என்று விமர்சகர்கள் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் படத்தோடு அங்கே வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் சேர வேண்டும் என்கிறோம்: இந்த அறை எதற்கு, இங்கே யார் இருந்தார், கதவு ஏன் அடைக்கப்பட்டது. பூட்டை உடைத்து நுழையும் சாகசத்தை நாம் ஆதரிக்கவில்லை. தரை இற்றுப்போன மாடியில் தனியாக ஏறுவது உயிரோடு விளையாடுவது. உரிமையாளரே கதவைத் திறந்து, பொறியாளர் ஒருவரைத் துணைக்கு அனுப்பட்டும்.

அமெரிக்காவில் 1933 முதல் வரலாற்றுக் கட்டடங்களின் படங்களையும் வரைபடங்களையும் அரசே சேகரித்து, காங்கிரஸ் நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்கிறது. நமக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. படமெடுக்கக் கட்டடக் கலை மாணவர்களும் நுண்கலை மாணவர்களும் இருக்கிறார்கள். இடிப்பு விண்ணப்பத்தோடு படத் தொகுப்பையும் இணைக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்ப்பது மாநகராட்சிக்குப் பெரிய காரியமல்ல. செலவை விண்ணப்பதாரர் ஏற்கட்டும். புதிய கட்டடத்தின் மதிப்பில் அது துளி. சிறு கடைக்காரர்களுக்கு அரசே ஏற்கலாம். கார்டில் கட்டடத்தைப் படமெடுக்க விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்.ஐ.சி. அதன் கதவுகளைப் படக்குழுவுக்குத் திறந்துவிட வேண்டும்.