டெண்டர்ப் பைத்தியம்

சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் கண்ட்ராக்டர் என்னும் பெயர் பூண்ட நம்மவர் பலர் உளர். ரப்பர் மரத்தடியில் பிறந்து, கொத்துக் கரண்டி பிடித்துத் தொழில் பயின்று, லாரியொன்றைத் தவணைக்கு வாங்கித் தோட்டத்து எல்லையைத் தாண்டி வந்த அன்னாரது முயற்சியை நாம் பெரிதும் போற்றுகிறோம். எனினும் அவர்களைப் பற்றியிருக்கும் நோயொன்றைச் சொல்லாது விடுவது நட்பாகாது. அயலான் பதினாயிரம் வெள்ளி என்றால் நான் ஒன்பதாயிரம், அவன் ஒன்பதுக்கு இறங்கினால் நான் எட்டு என்று தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கும் டெண்டர்ப் பைத்தியமே அந்நோய்.

வேலைப் பஞ்ச காலத்தில் இது முற்றுகிறது. 1998இல் மலேசியக் கட்டுமானத் தொழில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு சுருங்கிற்று. 2020இல், கொள்ளைநோய்க் காலத்தில், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீழ்ந்தது. அக்காலங்களில் "இலாபம் போனாலும் போகட்டும், ஆட்கள் சும்மா இருக்கலாகாது, லாரித் தவணை நிற்கலாகாது" என்று விலை குறைத்தவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் 2024இல் அத்தொழில் 17 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததே! அப்போதாவது அப்பழக்கம் நம்மவரை விட்டதா?

குறைத்த வெள்ளி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். சிமெண்டுக் கடைக்காரரும் கம்பிக் கடைக்காரரும் இவருக்காக டெண்டர் போடுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளமோ 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, ஐவருக்குக் குறைந்த ஆட்களை வைத்திருப்போருக்கும், மாதம் 1,700 வெள்ளி என்றாகிவிட்டது. ஆகவே மிஞ்சுவன இரண்டே: கலவையில் சேரவேண்டிய சிமெண்டு, கூலியாளின் சம்பளம். முன்னதைத் திருடினால் சுவர் காட்டிக்கொடுக்கும். பின்னதைத் திருடினால் கேட்பாரில்லை என்ற துணிவு!

1971இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர் மூவர் ஓர் உண்மையை எழுதி வெளியிட்டனர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலமெடுத்த கம்பெனிகள் எதிர்பார்த்த இலாபத்தை ஏன் காணவில்லை? பலர் கேட்கும் ஏலத்தில், நிலத்தின் மதிப்பை எவர் மிகையாகத் தவறிக் கணித்தாரோ அவரே வென்றார் என்பது அவர்கள் கண்ட விடை. கட்டட வேலையில் இது தலைகீழாக நிகழ்கிறது. செலவை எவர் மிகக் குறைவாகத் தவறிக் கணிக்கிறாரோ அவர் கையில் வேலை விழுகிறது. பத்துப் பேரைத் தோற்கடித்தோம் என்று மார்தட்டுகிறவர், பத்துப் பேரினும் கணக்கில் பிழைத்தவராயிருக்கலாம். பொதுப்பணி இலாகாவினர் இதை அறிவர். வந்த விலைகளையும் தம் மதிப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, அளவு மீறித் தாழ்ந்த விலையைத் தள்ளிவிடும் முறையை அவர்கள் கையாண்டிருக்கின்றனர். நம் கோயில் கமிட்டிகளோ, பள்ளிக் கட்டடக் குழுக்களோ? மிகத் தாழ்ந்த விலைக்கு மாலை போட்டுவிட்டு, மறு மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதென்று கூட்டம் போடுகின்றனர்.

நிற்க. வேலையை முடித்தும் பணம் வராத கொடுமை வேறு. இதற்கென்றே 2012ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழில் பணம் செலுத்துதல், தீர்ப்பளித்தல் சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்புக்கு வந்தது. "மேலிடத்திலிருந்து எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை செல்லாதென்று அச்சட்டம் கூறுகிறது. நெடுங்கால வழக்கின்றி நடுவர் ஒருவரிடம் தீர்ப்புப் பெறவும் வழி செய்கிறது. ஆனால் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கே அது துணை நிற்கும். நம்மவரோ காப்பிக் கடையில் பேசிக் கைகுலுக்கிவிட்டு, "நாம் வாக்கு மாறாத தமிழர், காகிதம் எதற்கு?" என்கின்றனர். வாக்கு மாறாதவர் கையெழுத்துக்கு அஞ்சுவானேன்? தனி மனிதர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் வீடு கட்டிக் கொடுப்போர் அறியவேண்டும். அத்தகைய வேலையில் முன்பணமின்றி மண்வெட்டியைத் தூக்குவது பேதைமை.

"எல்லோரும் கூடி ஒரே விலை பேசிக்கொண்டால் என்ன?" என்பார் சிலர். கூடாது. 2012 தொடக்கத்திலிருந்து நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அவ்வித டெண்டர்ச் சூழ்ச்சியைத் தடை செய்கிறது. பொதுமக்கள் பணத்தைக் கொள்ளையிடும் அச்செயல் சட்டமில்லாவிடினும் இழிவே. அவரவர் விலையை அவரவர் போடட்டும். ஆனால் செலவுக் கணக்கு எழுதும் முறையையும், ஒப்பந்தம் எழுதும் முறையையும் ஒருங்கே கூடிக் கற்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது? 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஆர்வார்ட் தோட்டத்தில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றவர்கள் இவ்வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர். அவர்தம் பேரர்களுக்கு மாலை வேளையில் ஒரு கணக்குப் பாடத்துக்குக் கூடிவர நேரமில்லையாம்!

கூலியாட்களுக்கும் ஒரு வார்த்தை. "மேலிடத்துப் பணம் வரவில்லை" என்ற பதிலைத் தாம் கேட்டபோது நொந்த கண்ட்ராக்டர், சனிக்கிழமை மாலை அதே பதிலை உங்களிடம் சொன்னால் தலை கவிழ்ந்து திரும்பாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, அவருக்கு வேலை கொடுத்த மேற்கண்ட்ராக்டரும் உங்கள் சம்பளத்துக்குப் பொறுப்பாளி. மூன்று மாதச் சம்பளம் வரை அவரிடமே கேட்கலாம். சம்பளம் கொடுபடவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழில் இலாகாவில் புகார் பதிவாகவேண்டும்.