தத்தெடுத்தவங்க பாதத்தைப் பார்க்கலையே

எம்.பி.பி.எஸ். பிள்ளைங்க முதல் வருஷத்துலேர்ந்தே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, வருஷக்கணக்கா கவனிக்கணும்னு தேசிய மருத்துவ ஆணையம் விதி வச்சிருக்கு. நல்ல விதிதான். ஆனா எங்க பூந்தமல்லி பக்கம் பஸ்ஸுல வந்து இறங்குறாங்க, சுகர், பிரஷர் பார்த்து நோட்டுல ஏத்துறாங்க, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க.

நாங்க வெறுங்காலோட சேத்துல நிக்கிறவங்க. சர்க்கரை முத்துனா கால் மரத்துப்போகும், முள்ளு குத்தினாலும் தெரியாது. புண்ணு அழுகின பிறகுதான் தெரியும். ஒரு பிள்ளையாவது குனிஞ்சு எங்க பாதத்தைப் பார்த்துச்சா?

பிள்ளைங்களைக் குத்தம் சொல்லல, அனுப்புறவங்களைத்தான் கேக்குறேன். 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்து மாத்திரை தருது. நடவு நாள்ல கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில யாரு நிப்பா? அந்தப் பொண்ணு கூடவே மாசாமாசம் அதே பிள்ளைங்களை அதே வீட்டுக்கு அனுப்புங்க. கேமரா வேணாம்.