செய்து விளையாடுதல்

விளையாட்டுப் பொருள்கள் இருவகைப்படும். கடையில் வாங்கி விளையாடுவன ஒருவகை. தாமே செய்து விளையாடுவன மற்றொரு வகை. முன்னவை நம்மை மகிழ்விக்கும். பின்னவை மகிழ்வித்தலோடு நம்மை வளர்க்கவும் செய்யும். இவ்வேறுபாட்டை மாணவர் இளமையிலேயே உணர்தல் வேண்டும். செய்யும் கைகள் குறைந்து, வாங்கும் கைகள் மிகுந்து வரும் காலம் இது. விலை கொடுத்துப் பெற்ற பொருளெல்லாம் நம்முடையது என்று எண்ணி மகிழ்கின்றோம். அப்பொருள் எவ்வாறு இயங்குகிறது, உடைந்தால் எவ்வாறு சீர்படுத்துவது என்பவற்றை அறியாதவரையில், அது நம் வீட்டில் இருக்குமேயன்றி முழுதும் நம்முடையது ஆகாது.

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில் தீர்த்தமலை என்னும் ஊர் உள்ளது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டுள்ளார். பாறையினின்று வீழும் இராமர் தீர்த்தத்தால் சிறப்புற்றதும், அருணகிரிநாதரால் பாடப்பெற்றதும் ஆகிய தலம் அது. அங்கே மாசித் திங்களில் தேர்த்திருவிழா நிகழ்கிறது. பெரியவர்கள் பெருந்தேரின் வடம் பற்றி இழுப்பர். இத்தகைய தேரோடும் ஊர்களில், திருவிழாவைக் கண்ட சிறுவர்கள் தாமும் ஒரு சிறுதேர் செய்து தெருவில் இழுத்து மகிழ்வது தமிழகத்தின் பழைய வழக்கம். மூங்கிற் குச்சி, பழைய பலகைத் துண்டு, வண்ணக் காகிதம், சிறிது நூற்கயிறு ஆகியவை போதும், தேர் பிறந்துவிடும்.

இதனை வெறும் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுதல் தகுமா? எண்ணிப் பாருங்கள். அச்சிறுவன் பெருந்தேரைக் கண்ணால் அளக்கிறான். அதன் உறுப்புகளை மனத்தால் பிரிக்கிறான். தன் கையில் உள்ள பொருளுக்கு ஏற்பச் சுருக்குகிறான். மீண்டும் ஒன்று சேர்க்கிறான். மேல்தட்டு மிகப் பெரிதானால் தேர் சாயும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சாய்ந்த தேரே சொல்லிற்று. சக்கரம் வட்டமாக இராவிட்டால் தேர் குலுங்கும் என்பதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. குலுங்கிய தேரே கற்பித்தது. இத்தகைய கல்வி எளிதில் மறப்பதில்லை.

சிறு உருவங்கள் செய்யும் ஆர்வம் மனித குலத்தோடு பிறந்தது. சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தபோது, சுட்ட மண்ணால் ஆகிய சிறு மாட்டு வண்டிகள் பல கிடைத்தன. அவ்வண்டிகளை உருட்டிய குழந்தைகள் மறைந்து நாலாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. சிறு வண்டிகளோ இன்றும் காட்சிச்சாலைகளில் நிற்கின்றன. நம் கீழடி அகழாய்விலும் சுடுமண்ணால் ஆகிய விளையாட்டுப் பொருள்கள் கிடைத்துள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். பிற்காலத்துப் புலவர்களோ ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர்ப் பருவத்தையே வைத்துப் போற்றினர். விளையாட்டுத் தேருக்கு இலக்கியத்தில் ஓர் இடம் கொடுத்த இனம் நம்முடையது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் யார்? எத்தனை முறை சாய்த்தாலும் அது நிமிர்ந்து நிற்கும். அதன் அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருத்தலே காரணம். பொருளின் ஈர்ப்பு மையம் தாழ்ந்து நின்றால் அது எளிதில் கவிழாது என்னும் இயற்பியல் உண்மையை, அப்பொம்மை செய்த கைவினைஞர் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் எழுதி வைத்தனர். நல்ல பொம்மை ஒவ்வொன்றினுள்ளும் இவ்வாறு ஓர் அறிவு மறைந்து கிடக்கிறது. அதனை வாங்கி ஆட்டுபவன் ஆட்டத்தை மட்டும் காண்கிறான். செய்து பார்ப்பவன் அறிவையும் காண்கிறான்.

இனி, கடல் கடந்த ஒரு நாட்டின் கதையைக் காண்போம். ஜப்பான் நாட்டில் ஷிசுவோகா என்பது ஒரு நகரம். கோட்டையும் ஆலயமும் கட்டுவதற்காக அங்கு வந்த தச்சர்கள் அவ்வூரிலேயே தங்கினர் என்றும், அவர்களால் மரவேலை அங்குத் தழைத்தது என்றும் கூறுவர். நம் நாட்டில் தேர் செய்த தச்சர் எத்தகையரோ, அவர்களும் அத்தகையரே. அந்நகரில் 1946 ஆம் ஆண்டில் மர வாணிகமாகத் தொடங்கிய தமியா என்னும் நிறுவனம், பின்னர் மரத்தால் சிறு கப்பல்களையும் வண்டிகளையும் செய்யத் தலைப்பட்டது. 1960 இல் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. இன்று அந்நகரம் மாதிரிப் பொம்மைத் தொழிலுக்கு உலகெங்கும் பெயர் பெற்று விளங்குகிறது. கோயில் தச்சரின் ஊர் மாதிரி செய்வோரின் ஊராக வளர்ந்தது. கைத்திறன் என்பது விதைநெல் போன்றது. காத்து வைத்தால் காலத்திற்கேற்ற பயிராக முளைக்கும்.

இயந்திர மனிதப் பொம்மைகளும் அந்நாட்டில் பெருகின. 'ரோபோ' என்னும் சொல்லை உலகிற்குத் தந்தது காரெல் சாப்பெக் என்னும் செக் நாட்டு எழுத்தாளர் 1920 இல் வெளியிட்ட நாடகம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியர் தகரத்தால் ரோபோ பொம்மைகள் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பினர். 1979 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் கன்டாம் என்னும் பேரியந்திர மனிதன் தோன்றினான். கதையில் அவன் உயரம் 18 மீட்டர். அடுத்த ஆண்டே அவன் உருவம் 144 இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, கோத்து அமைக்கும் மாதிரியாக விற்பனைக்கு வந்தது. பதினெட்டு மீட்டரை 144 ஆல் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். உள்ளங்கையில் நிற்கும் அளவு! வகுத்தல் கணக்கு இத்துணை இனிக்கும் என்பதைக் கரும்பலகை நமக்குச் சொல்லவில்லையே!

அத்தகைய மாதிரியைச் செய்வது எவ்வாறு? பெட்டியைத் திறந்தால் பொம்மை இராது. மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில், கொடியில் காய்கள் தொங்குவது போல, உறுப்புகள் காம்போடு ஒட்டிக் கிடக்கும். விளக்கப் படத்தைப் பார்த்து, உரிய உறுப்பை உரிய வேளையில் வெட்டி எடுத்தல் வேண்டும். காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளகச் செய்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கும். மிகுதியாக இட்டால் உருவமே கெடும். பின்னர் அடிப்பூச்சு, அது காய்ந்தபின் வண்ணம். வண்ணத்தையும் ஒரே முறையில் தடித்துப் பூசலாகாது. மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசுதல் வேண்டும். அவசரக்காரனுடைய விரல் ரேகை அவன் செய்த பொம்மையின்மேல் என்றும் அழியாது நிற்கும்! பொறுமையைப் பற்றிப் பத்து அறிவுரைகள் கேட்பதைவிட, வண்ணம் உலரும் வரை ஒருமுறை காத்திருப்பது மேலான பயிற்சியாகும்.

"பிறர் வகுத்த முறைப்படி உறுப்புகளைக் கோப்பதில் என்ன படைப்பாற்றல் உள்ளது?" என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும், இசை பயில்வோன் முதலில் ஆசிரியர் பாடியதையே திருப்பிப் பாடுகிறான். எழுதப் பயில்வோன் முதலில் வரைந்த எழுத்தின்மேலேயே விரலை ஓட்டுகிறான். அது முதற்படி. அப்படியிலேயே வாழ்நாள் முழுதும் நின்றுவிடுதல்தான் குறை. பத்து மாதிரிகளைக் கோத்தவன் பதினொன்றாவதைத் தானே வகுத்தல் வேண்டும்.

மாதிரி செய்தல் சிறுவர்க்கு மட்டும் உரிய செயல் அன்று. அமெரிக்க நாட்டு ரைட் சகோதரர்கள் சிறுவராய் இருந்தபோது, 1878 இல், அவர்தம் தந்தையார் பறக்கும் பொம்மை ஒன்றைக் கொணர்ந்து தந்தார். அது உடைந்தபின் அவர்கள் அதனைப் போன்ற வேறு பொம்மைகளைத் தாமே செய்தனர். பிற்காலத்தில் வானூர்தி அமைக்க முயன்றபோதும், 1901 இல் காற்றோடும் பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் சிறு சிறகு மாதிரிகள் பலவற்றை வைத்து ஆராய்ந்தனர். 1903 டிசம்பர் 17 ஆம் நாள் அவர்கள் வானூர்தி பறந்தது. நம் தமிழகத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே நீரியல் ஆய்வு நிலையம் ஒன்று உள்ளது. அணைகளையும் மதகுகளையும் சிறு மாதிரிகளாக அமைத்து, நீரை ஓடவிட்டு, அதன் போக்கை அங்கு ஆராய்கின்றனர். மாதிரியில் நேரும் பிழை சிறு பொருட்செலவோடு போகும். உண்மை அணையில் நேரும் பிழையோ பல ஊர்களை அழிக்கும். ஆதலின், சிறிதாகச் செய்து பார்த்தல் பெரிதாகச் செய்வதற்கு வேலியாக அமைகிறது.

பொம்மைகளைச் சேகரிப்பதும் ஒரு நல்ல பழக்கமே. ஆனால், அதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அயலான் வீட்டில் பத்து இருந்தால் நம் வீட்டில் பதினைந்து இருத்தல் வேண்டும் என்னும் போட்டியால் சேர்ப்பது பேராசை. பெட்டியைத் திறவாமலே அடுக்கி வைத்து, விலை ஏறுமா என்று பார்த்திருப்பது வாணிகம். பொருளின் வரலாற்றையும் செய்முறையையும் அறிந்து, பிறர்க்கும் காட்டி மகிழ்வதற்காகச் சேர்ப்பதே கலை. இதற்கு நல்ல சான்று, கேலிச்சித்திர ஓவியர் சங்கர் நிறுவிய பொம்மைக் காட்சிச்சாலை. அயல்நாட்டுத் தூதர் ஒருவர் தந்த அங்கேரி நாட்டுப் பொம்மை ஒன்றால் அவர் உள்ளம் கவரப்பட்டது. அதுமுதல், சென்ற நாடுகளில் எல்லாம் பொம்மைகளைத் தேடலானார். 1965 இல் புதுதில்லியில் அக்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் அதில் இடம்பெற்றன. இந்திய மக்களின் பலவகை ஆடை அணிகளைக் காட்டும் பொம்மைகளைச் செய்யும் பட்டறையும் அதனோடு அமைந்தது. சேர்க்கும் கையும் செய்யும் கையும் அங்கே இணைந்தன.

"இவையெல்லாம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆகும், சிற்றூர் மாணவர் எங்கே போவர்?" என்னும் கேள்வி எழலாம். அயல்நாட்டு மாதிரிப் பெட்டிகளின் விலை உழவர் குடும்பங்களுக்குச் சுமையே. அதனை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால், செய்யும் அறிவு பெட்டியில் அடைபட்டது அன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா, எறியப்படும் பொருள்களைக் கொண்டே நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளை அமைத்துக் காட்டியுள்ளார். அவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் காட்டிய ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். தீக்குச்சிகளின் மருந்தை நீக்கிவிட்டு, மிதிவண்டியின் வால்வு டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளால் குச்சிகளை இணையுங்கள். மூன்று குச்சிகளால் ஆகிய முக்கோணம் அழுத்தினாலும் உருவம் மாறாது. நான்கு குச்சிகளால் ஆகிய சதுரமோ உடனே சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பது ஏன் என்பது அப்போது விளங்கும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இரண்டு நுங்குக் கூடுகளையும் ஒரு கவைக் கோலையும் கொண்டு வண்டி செய்து ஓட்டிய சிறுவர் நம் சிற்றூர்களில் இருந்தனர். அச்சும் சக்கரமும் அவர்களுக்கு அயலானவை அல்ல. அவ்வண்டி அருகி வருவதைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், அந்தத் திறனைப் பள்ளிக்குள் கொண்டுவருதல் வேண்டும். மாணவர் கருவிகளைக் கையாண்டு பொருள் செய்து பழகுதற்கென, 2016 இல் தொடங்கப்பட்ட அடல் திட்டத்தின்கீழ் நாட்டின் பல பள்ளிகளில் ஆய்வுக் கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. கூடம் உள்ள பள்ளிகளில் அது பூட்டி வைக்கும் பெருமையாக இராமல், நாள்தோறும் மாணவர் கைபடும் இடமாக விளங்குதல் வேண்டும். கூடம் இல்லாத பள்ளிகளில் ஒரு மேசையும் ஓர் அரமும் ஒரு கத்தரியும் தொடக்கத்திற்குப் போதும். இது ஆண்பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிடலும் ஆகாது. கோலத்தில் புள்ளி பிசகாமல் கோடிழுக்கும் பெண்மக்களின் கை இப்பணிக்குத் தக்க கை அன்றோ?

இதனால் படிப்புக் கெடும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. அளவும் விகிதமும் கணக்கு. நெம்பும் சக்கரமும் அறிவியல். வண்ணமும் வடிவும் ஓவியம். ஒரு மாதிரிக்குள் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. பொழுது வரையறை ஒன்றே வேண்டுவது.

மாணவர்களே! இவ்வாண்டு முடிவதற்குள் ஒரு பொருளையேனும் நீங்களே செய்து பாருங்கள். அது உங்கள் ஊர்த் தேராகவோ, ஏற்றமாகவோ, கை கால் அசைக்கும் அட்டை ரோபோவாகவோ இருக்கலாம். முதலில் செய்தது கோணலாக நிற்கும். இரண்டாவது நேராக நிற்கும். மூன்றாவதைப் பிறர் கேட்டு வந்து பார்ப்பர். தீர்த்தமலையின் தெருவில் சிறுதேர் இழுக்கும் கைகளே நாளை பாலமும் அணையும் இயந்திரமும் அமைக்கும் கைகளாக வளரலாம். அவ்வளர்ச்சிக்குப் பொருட்செல்வத்தினும் மிகுதியாக வேண்டுவன உற்று நோக்கும் கண்ணும், சலியாத கையும், பிழை கண்டு துவளாத உள்ளமுமே ஆகும்.