ஊருக்குப் போனாலும் வாடாத குட்டி மரம்... எடப்பாடி வெயிலுக்கு ஏற்ற அடீனியம் போன்சாய்!

சித்திரை பிறந்துவிட்டால் எடப்பாடியில் மதிய நேரம் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்த ரோஜாச் செடிகூட மதியம் தலை தொங்கிவிடும். இந்த மாடியில் போன்சாய் வளர்க்க முடியுமா?

ஆல், அத்தி போன்சாய் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். ஆழமில்லாத தட்டில் இருக்கும் கைப்பிடி மண் கோடையில் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். இரண்டு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் பல வருட உழைப்பு சருகாகிக் கிடக்கும். சதைப்பற்றுச் செடிகளில் அந்தப் பயம் குறைவு. தண்டிலும் வேரிலும் இலையிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும்.

எந்தச் செடி வாங்கலாம்?

முதல் தேர்வு அடீனியம். பாலைவன ரோஜா என்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்கா, அரேபியப் பகுதிகளின் வறண்ட நிலத்துச் செடி என்பதால் நம் வெயில் இதற்குக் கொண்டாட்டம். விதையில் முளைத்த செடிக்குத்தான் அடித்தண்டு பானைபோலப் பருக்கும். கிளையை ஒடித்து நட்டு வளர்த்ததில் அந்த அழகு பெரும்பாலும் வராது. வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடித்தண்டைப் பாருங்கள்.

அடுத்தது ‘யானைப்புதர்’ எனப்படும் போர்ட்டுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் செடி. பல நர்சரிகளில் இதையும் ‘ஜேட்’ என்றே விற்கிறார்கள். உண்மையான ஜேட்டின் இலை பெரிதாக, தடிமனாக இருக்கும். நம் உச்சி வெயிலில் அது கன்றிப்போகும். சின்ன இலையும் சிவந்த தண்டும் கொண்ட யானைப்புதரே நமக்கு ஏற்றது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஜிம் ஸ்மித், இந்தச் செடியில் போன்சாய் செய்வதற்காகவே பெயர் பெற்றவர்.

அடீனியத்தின் தண்டு கெட்டியான மரக்கட்டையாக மாறாது. அதனால் இதைப் போன்சாய் என்று ஏற்காதவர்களும் உண்டு. ஆனால், சில வருடங்களிலேயே முதிய மரத்தின் தோற்றம் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

எப்படி வளர்ப்பது?

* அகலமான, ஆழம் குறைந்த மண் தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம்.

* களிமண் வேண்டாம். பருமணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் கரித்தூள், மக்கிய உரம் கலந்தால் தண்ணீர் தேங்காது.

* தொட்டி மாற்றவும் வேரை வெட்டவும் மாசி, பங்குனி நல்ல நேரம். ஒவ்வொரு முறையும் செடியை ஓர் அங்குலம் உயர்த்தி நட்டால், மேல்வேர்கள் வெளியே தெரிந்து மரத்துக்கு வயதான தோற்றம் வரும்.

* வெட்டிய உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. காயம் காய நான்கைந்து நாள் விடுங்கள்.

* கம்பி கட்டினால் மென்மையான தண்டில் சீக்கிரம் தழும்பு விழும். தேவையான பக்கம் மொட்டு பார்த்துக் கிளையை வெட்டியே உருவம் கொண்டுவரலாம்.

* விரலை விட்டுப் பார்த்து, மண் உள்ளே வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

வெயிலில் பிழைக்கும் இந்தச் செடிகள் சாவது பெரும்பாலும் மழையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். அடித்தண்டை அழுத்தும்போது கொழகொழவென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அழுகிய பகுதியை முழுவதும் வெட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, புதுக் கலவையில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

குழந்தைகள் கவனம்!

அடீனியம் அரளிக் குடும்பத்துச் செடி. இதன் பால் விஷம். ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவப் பயன்படுத்தியது இதைத்தான். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அடீனியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, யானைப்புதரில் தொடங்குவதே நல்லது.