பரிணாமத்தின் தலையில் கட்டாதீர்கள்

ஆணின் பாலியல் கற்பனையில் பல பெண்கள், பல உடல்கள்; பெண்ணின் கற்பனையில் ஒருவன், அவனுடைய அன்பு. கற்காலத்திலேயே இயற்கை இப்படி வகுத்துவிட்டது, இனி மாறாது என்கிறார்கள். ஆணின் அலைபாய்தலுக்கு மன்னிப்பும் பெண்ணின் ஆசைக்குக் குற்றவுணர்வும் இந்த ஒரே வாதத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன. அதனால்தான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அடிக்கடி காட்டப்படும் சான்று, புரூஸ் எல்லிஸும் டொனால்ட் சைமன்ஸும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு. கலிஃபோர்னியாவில் 307 கல்லூரி மாணவ மாணவியரிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். அதுவரையிலான வாழ்நாளில் ஆயிரம் பேருக்கு மேல் தங்கள் கற்பனையில் வந்திருப்பதாக ஆண்களில் 32 சதவீதமும் பெண்களில் 8 சதவீதமும் சொன்னார்கள். நான்கு மடங்கு வித்தியாசம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆயிரம் பேரை எண்ணுவதுதான் ஆண் இயல்பு என்றால், இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"அவரவர் கைப்பட எழுதியதுதானே" என்பார்கள். யார் பார்ப்பார்கள் என்ற எண்ணத்தைப் பொறுத்து விடையே மாறுகிறது. மிஷேல் அலெக்சாண்டரும் டெர்ரி ஃபிஷரும் 2003-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. விடைத்தாளைச் சக மாணவர் ஒருவர் பார்த்துவிடக்கூடும் என்ற நிலையில் ஒரு பிரிவினர் எழுதினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கையிலும் கழுத்திலும் கம்பிகளை ஒட்டி, பொய்யைக் கருவி கண்டுபிடித்துவிடும் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் அது ஓடாத கருவி. இதுவரை எத்தனை பேருடன் உறவு என்ற கேள்விக்கு, முதல் பிரிவில் ஆண்களின் சராசரி 3.7, பெண்களுடையது 2.6. கம்பி ஒட்டிய பிரிவில் ஆண்கள் 4.0, பெண்கள் 4.4! பெயரில்லாமல் தனியறையில் எழுதிய பெண்கள்கூட 3.4 என்றுதான் சொன்னார்கள். நடந்ததைச் சொல்லவே இவ்வளவு தயக்கம் என்றால், மனதுக்குள் ஓடியதை எந்தப் பெண் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பாள்?

ஆணுக்கு எந்நேரமும் அதே நினைப்பு என்பது அடுத்த வாதம். ஃபிஷர் பின்னர் 283 மாணவர்களிடம் எண்ணும் கருவியைக் கொடுத்து, நினைப்பு வரும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார். பாலியல் நினைப்பு ஆண்களுக்கு நாளொன்றுக்கு நடுமதிப்பாக 19 முறை, பெண்களுக்கு 10. உணவையும் தூக்கத்தையும்கூட ஆண்களே அதிகம் நினைத்ததாகப் பதிவானது. விந்து ஏராளம், கருமுட்டை அரிது, அதனால்தான் ஆண் அலைபாய்கிறான் என்ற பரிணாம விளக்கம் தூக்கத்துக்கும் பொருந்துமா?

அன்பு பெண்களின் தனிச்சொத்தும் அல்ல. கியூபெக்கில் கிறிஸ்டியன் ஜோயல் குழுவினர் 1,516 பேரிடம் கேட்டபோது, உறவில் காதல் உணர்வை நாடும் கற்பனை பெண்களில் 92 சதவீதம், ஆண்களில் 88 சதவீதம்.

ஒரே நேரத்தில் இரு பெண்கள் என்பது போன்ற கற்பனைகள் ஆண்களிடம் கூடுதல் என்று அதே ஆய்வும் சொல்கிறது. அந்தக் கூடுதலில் மரபணுவின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று எந்த வினாத்தாளாலும் பிரித்துக்காட்ட முடியாது. ஆசையைச் சொன்னால் பெண்ணுக்குப் பெயர் கெடாத ஒரு சமூகத்தில் கேட்டுப் பார்த்தால்தான் ஒப்பிடவே ஓர் அளவுகோல் கிடைக்கும்.